அஸ்கூர்ன்: வெற்றுமலை என்று பேர்வாங்கிய இடத்தில் ஒரு பண்ணை

வடமேற்கு வேல்ஸில், பாலா நகரிலிருந்து மேற்கே போகும் ஏ4212 சாலை பிரசோர் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி ட்ராஸ்வனித் கிராமத்தை நெருங்கும் இடத்தில், வலப்பக்கச் சரிவிலும் இடப்பக்கச் சரிவிலும் கண்ணுக்குப் படுவதெல்லாம் புல், பாறை, கருங்கல் அடுக்கிய வரப்புச் சுவர்கள், அவற்றுக்கிடையே வெள்ளைப் புள்ளிகளாகச் செம்மறி ஆடுகள். ஆள் நடமாட்டம் குறைவு. முதன்முறை பார்ப்பவர்கள் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு ஸ்னோடன் சிகரத்தைப் பார்க்க வடக்கே போய்விடுவார்கள்.

இந்தக் கேள்வியைத்தான் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் போர் அலுவலகம் கேட்டது, மின் நிறுவனம் கேட்டது, பக்கத்து நாட்டு மாநகராட்சி கேட்டது, அணுசக்தித் துறையும் கேட்டது. ஒவ்வொருவரும் "ஒன்றுமில்லை" என்ற பதிலைத் தாங்களே சொல்லிக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதை இங்கே அமைத்தார்கள். அப்படி அமைத்தவற்றின் நடுவே, சாலையிலிருந்து சற்று மேலே, அஸ்கூர்ன் என்ற பண்ணை வீடு இன்னும் நிற்கிறது. இந்த வட்டாரத்தின் வரலாறு முழுவதையும் அந்த ஒரு வீட்டிலிருந்து படித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அஸ்கூர்ன் பெரிய பண்ணை அல்ல. ஹெத் வின் என்ற கவிஞரின் குடும்பம் உழைத்த காலத்தில் அது 168 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 68 ஹெக்டேர். கேட்பதற்கு நிறைய நிலம்போல் இருக்கும். ஆனால் மலைப்பண்ணையில் ஏக்கர் கணக்கு ஏமாற்றும். வீட்டை ஒட்டிய சில வயல்களில் மட்டுமே குளிர்காலத் தீவனத்துக்கான புல் வளரும். அதற்கு மேலே கல் சுவர் கட்டிய கரடுமுரடான மேய்ச்சல் நிலம், அதற்கும் மேலே திறந்த மலை. கோடையில் ஆடுகள் மலைமேல் இருக்கும். குட்டி ஈனும் காலத்தில் கீழே வரும். வேலி இல்லாத மலையில் ஒவ்வொரு மந்தைக்கும் ஓர் எல்லை உண்டு. தாய் ஆட்டின் பின்னால் நடந்து குட்டி அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளும்; அந்தக் குட்டி தாயானதும் தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். வெல்ஷ் மக்கள் இதைக் 'கனெவின்' என்பார்கள். மந்தையை ஒருமுறை முழுதாக விற்றுவிட்டால் இந்த அறிவும் போய்விடும். புதிய ஆடுகளை வாங்கி விட்டால் அவை எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். அதனால் பண்ணை கைமாறும்போதும் ஆடுகள் மலையோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம். 'வெற்றுமலை' என்று சொன்னவர்கள் பார்க்கத் தவறிய முதல் விஷயம் இது.

அவர்கள் பார்க்கத் தவறிய இரண்டாவது விஷயம் மொழி. இந்த வட்டாரம் பழைய மெய்ரியோனித் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே பெரும்பாலோருக்கு வெல்ஷ்தான் வீட்டு மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஞாயிறு பள்ளிகளும் சேப்பல் எனப்படும் சிறு தேவாலயங்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவைக் கொடுத்தன. ஊருக்கு ஊர் கவிதைப் போட்டி நடந்தது. வென்றவருக்குப் பரிசு ஒரு நாற்காலி. ஐஸ்தெத்வோத் எனப்படும் இந்த விழாக்களில் நாற்காலிக்குரிய கவிதை கடுமையான யாப்பில் அமைய வேண்டும். அடியின் முதல் பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வரவேண்டும். அல்லது அடிக்குள்ளேயே இயைபு வரவேண்டும்; சில வகை அடிகளில் இரண்டும் வேண்டும். மோனை எதுகையில் பழகிய நமக்கு இதன் சிரமம் எளிதில் புரியும். இப்படிப்பட்ட யாப்பை ஆடு மேய்த்துக்கொண்டே பயின்றவர்கள் இந்த மலைகளில் பலர் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ். 1887 ஜனவரி 13 அன்று ட்ராஸ்வனித்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அஸ்கூர்னுக்குக் குடிவந்தது. பள்ளிப் படிப்பு பதினான்கு வயதோடு முடிந்தது. இடையில் கொஞ்ச காலம் தெற்கு வேல்ஸில் அபெர்கனன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வேலை பார்த்தார், ஒத்துவராமல் திரும்பிவந்துவிட்டார். மற்றபடி வாழ்நாள் முழுதும் அப்பாவின் ஆடுகள்தான். 1907-ல் பாலாவில் முதல் நாற்காலியை வென்றார். 1910-ல் நடந்த ஒரு கவிஞர் கூட்டத்தில் 'ஹெத் வின்' என்ற புனைபெயர் கிடைத்தது. வெண்ணிற அமைதி என்று பொருள் கொள்ளலாம். 1913-லும் 1915-லும் மேலும் நாற்காலிகள் வந்தன. பிரசோர் ஆற்றைப் பற்றி அவர் எழுதிய நான்கே அடிகள் உண்டு: மொட்டை மலையின் விளிம்பில் ஊதாநிறத்தில் நிலா, பள்ளத்தாக்கில் பாடிக்கொண்டே போகும் பழைய ஆற்றின் ஓசை. இவ்வளவுதான் கவிதை. வெளியார் வெற்றிடம் கண்ட அதே மொட்டை மலை.

அந்த மலையில் முதலில் கண் வைத்தது ராணுவம். 1903-ல் ட்ராஸ்வனித் அருகே ஒரு முகாம் வந்தது. சில ஆண்டுகளில் அது தெற்கே ரியூ கோஹ் என்ற பழைய மாளிகையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு மாறி, பெரிய பீரங்கிப் பயிற்சித் தளமாக வளர்ந்தது. அந்த மாளிகைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1610-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டு, 1970-ல் போப்பால் புனிதராக அறிவிக்கப்பட்ட ஜான் ராபர்ட்ஸ் என்ற கத்தோலிக்கத் துறவி இங்கே பிறந்தவர் என்பது ஊர் வழக்கு. முகாமை ஒட்டி பிரோனாபெரில் தகரக் கொட்டகைகளால் ஒரு குடியிருப்பே எழுந்தது. கோடை மாதங்களில் ராணுவ ரயில்கள் பீரங்கிகளையும் குதிரைகளையும் கொண்டுவந்து இறக்கும். மேய்ச்சல் நிலங்களில் குண்டுகள் விழும். ஹெத் வின் தன் பதின்பருவத்திலிருந்தே பீரங்கி ஒலி எட்டும் ஊரில் வாழ்ந்தார் என்பதை அவரைப் பற்றி எழுதுபவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. போர் ஏதோ தொலைதூரத்திலிருந்து திடீரென வந்து அவரைப் பிடித்துப் போகவில்லை. பக்கத்து மலையில் பத்தாண்டுகளுக்கு மேலாக அது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

1916-ல் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. உணவு உற்பத்தி அவசியம் என்பதால் பண்ணையில் வேலைக்குத் தேவையான ஆளுக்கு விலக்கு உண்டு. அஸ்கூர்னில் வயதுவந்த மகன்கள் இருவர் என்று ஆகும் நேரம் வந்தது: எல்லிஸும், பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்த தம்பி பாபும். இருவரையும் வைத்துக்கொள்ள முடியாது. போரில் நம்பிக்கை இல்லாத எல்லிஸ், தம்பி போகக்கூடாது என்பதற்காகத் தான் போனார். வீரமரணம் என்ற பெயரில் பின்னாளில் அவருக்குப் போர்த்தப்பட்ட எதற்கும் இந்த முடிவோடு தொடர்பில்லை. இது ஒரு பண்ணை வீட்டுக்குள், சமையலறை மேசையைச் சுற்றி எடுக்கப்படும் வகையான முடிவு.

1917 தொடக்கத்தில் லிவர்பூலை ஒட்டிய லித்தர்லாண்ட் முகாமில் பயிற்சி. வசந்தத்தில் உழவு வேலைக்கு ஆள் இல்லாமல் அரசு தவித்தபோது, உழவர்களாயிருந்த சிப்பாய்களைத் தற்காலிகமாக ஊருக்கு அனுப்பினார்கள். அப்படி ஏழு வாரம் அஸ்கூர்னுக்கு வந்தவர், 'அர் ஆரூர்' (நாயகன்) என்ற நெடுங்கவிதையில் பெரும்பகுதியை அங்கே எழுதினார். பிரான்சுக்குப் போன பிறகு அதை முடித்து, ஜூலை நடுவில் தபாலில் சேர்த்தார். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் பாஷன்டேல் போரின் முதல் நாள், பில்கெம் மேட்டில் காயம்பட்டு இறந்தார். வயது முப்பது. அதே நாளில், அதே போர்முனையில் இறந்த அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் அவரும் பூசிங்கவில் உள்ள ஆர்ட்டிலரி வுட் கல்லறையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 6 அன்று தேசிய ஐஸ்தெத்வோத் கூடியது. அந்த ஆண்டு அது நடந்தது இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டில். பிரதமர் லாயிட் ஜார்ஜ் அரங்கில் இருந்தார். அவரும் வெல்ஷ் பேசி வளர்ந்தவர். வெற்றிபெற்ற கவிஞரின் புனைபெயரைச் சொல்லி எக்காளம் ஊதி அழைத்தார்கள். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு, அவர் ஐந்து வாரங்களுக்கு முன்னரே போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்று அறிவித்து, நாற்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அன்றிலிருந்து அது 'கறுப்பு நாற்காலி'. அதைச் செதுக்கியவரும் ஒரு போர் அகதிதான்: பெல்ஜியத்தின் மெகலன் நகரிலிருந்து தப்பிவந்து பர்க்கன்ஹெட்டில் தங்கியிருந்த யூஜீன் வான்ஃப்ளீட்டரன். போரால் தன் நாட்டை இழந்த ஒருவர் செய்த நாற்காலி, அவருடைய நாட்டில் உயிரிழந்த ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ரயிலில் வந்த அந்த நாற்காலியை வைக்க அஸ்கூர்னில் பெரிய கூடம் எதுவும் கிடையாது. தடித்த கற்சுவர், சிறிய சன்னல்கள், தாழ்ந்த அறைகள். முன்னறையில் மற்ற நாற்காலிகளோடு அதையும் வைத்தார்கள். பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தாய் மேரி அவர்களை உள்ளே அழைத்தார். 1923-ல் ட்ராஸ்வனித் தெருவில் மகனுடைய வெண்கலச் சிலையைத் திறந்துவைத்தவரும் அவர்தான். அந்தச் சிலை ராணுவ உடையில் இல்லை, சட்டைக் கையை மடித்துவிட்ட மேய்ப்பனாக நிற்கிறது. அடியில் உள்ள நான்கடிப் பாடல், போரில் இறந்த ஒரு நண்பருக்காக ஹெத் வின் எழுதியது.

சிலை திறந்த மறு ஆண்டே கிராமத்தின் மேற்குப் பக்கம் மாறத் தொடங்கியது. 1924 முதல் 1928 வரை அணைகள் கட்டி, சதுப்பும் வயலுமாக இருந்த சமவெளியை ஏரியாக்கினார்கள். மலைக்குக் கீழே மைன்டூரோகில் உள்ள நீர் மின் நிலையத்துக்காக. வீடுகளும் விளைநிலமும் தண்ணீருக்கடியில் போயின. மறுகரையில் வசித்தவர்கள் ஊருக்கும் கோவிலுக்கும் வர நீண்ட மரப்பாலம் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். இன்று அந்த ஏரி இயற்கையாக அமைந்ததுபோல அழகாகத்தான் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

1951 இந்தப் பகுதிக்கு ஒரு விசித்திரமான ஆண்டு. ஸ்னோடோனியா தேசியப் பூங்கா அமைந்தது அந்த ஆண்டில். ஸ்லேட் கல் சுரங்கக் குப்பை மலைகள் அழகைக் கெடுக்கும் என்று பிளைனை ஃபெஸ்டினியோக் நகரை மட்டும் வெட்டி வெளியே விட்டார்கள். பூங்காவின் வரைபடத்தில் அந்த ஊர் நடுவில் ஓர் ஓட்டையாக இன்னமும் தெரியும். அந்த ஸ்லேட் நிலப்பரப்புக்கே 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி அளித்தது வேறு கதை. அதே 1951-ல்தான் ட்ராஸ்வனித் பீரங்கித் தளத்தை மேலும் விரிவாக்க ராணுவம் முயன்றபோது, ப்ளைட் கம்ரி என்ற வெல்ஷ் தேசியக் கட்சியினர் க்வின்வோர் எவன்ஸ் தலைமையில் முகாம் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அமைதியான மறியல். அந்தக் கட்சி அப்போது மிகச் சிறியது.

எட்டு ஆண்டுகள் கழித்து, பாதுகாக்கப்பட்ட அதே தேசியப் பூங்காவுக்குள், அதே ஏரிக்கரையில், அணுமின் நிலையம் கட்டும் வேலை ஆரம்பித்தது. பிரிட்டனில் கடற்கரையை விட்டு உள்நாட்டில் அமைந்த ஒரே வணிக அணுமின் நிலையம் இது. கடல்நீருக்குப் பதிலாக ஏரி நீரே உலைகளைக் குளிர்வித்தது. கட்டட வடிவமைப்பு பேசில் ஸ்பென்ஸ், சுற்றுப்புற நிலவடிவமைப்பு சில்வியா குரோ. மலைகளின் அளவுக்கு ஈடுகொடுக்கும் இரண்டு கோட்டைகள்போலக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1965-ல் மின்சாரம் வந்தது. கட்டுமான காலத்தில் தொழிலாளர்களைத் தங்கவைக்கப் பழைய ராணுவக் குடியிருப்பு பயன்பட்டது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த நிலையத்தை ஊர் வெறுக்கவில்லை. ஸ்லேட் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில், வெல்ஷ் பேசும் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகாமல் சம்பளம் வாங்க வழி செய்த இடம் அது. வெளியூரிலிருந்து எதிர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கிழக்கே நடந்ததோ வேறு. பாலா சாலையில் சில மைல் தூரத்தில் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற ஊர் இருந்தது. சேப்பல், பள்ளி, அஞ்சலகம், பன்னிரண்டு பண்ணைகள். லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. 1957-ல் அதற்கான சட்டம் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேல்ஸிலிருந்து சென்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் செல்லும். 1965-ல் ஊர் மூழ்கியது. பாலாவிலிருந்து பிரசோர் பள்ளத்தாக்கு வழியாக வந்த ரயில் பாதையும், அதாவது கறுப்பு நாற்காலி ஊருக்கு வந்த பாதையும், இந்த நீர்த்தேக்கத்தை ஒட்டியே கைவிடப்பட்டது. ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலம் மட்டும் பிரசோர் பள்ளத்தாக்கின் மேல்முனையில் ரயில் இல்லாமல் நிற்கிறது. பாதையின் வடபகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள், அணு உலையின் எரிந்த எரிபொருளை வெளியே கொண்டுபோக.

லிவர்பூலும் அதன் சுற்றுப்புறமும் அமைந்த மெர்சி நதிக்கரை இந்தக் கதையில் மூன்று முறை வந்துவிட்டது. லித்தர்லாண்டில் ஹெத் வின்னுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். பர்க்கன்ஹெட்டில் நாற்காலி கொடுத்தார்கள். பிறகு அடுத்த பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டார்கள். லிவர்பூல் வேல்ஸுக்கு அந்நிய நகரமாக இருந்ததில்லை. பல்லாயிரம் வெல்ஷ் குடும்பங்கள் அங்கே குடியேறி, அந்த நகரின் தெருக்களைக் கட்டினார்கள், அங்கே வெல்ஷ் சேப்பல்கள் நடத்தினார்கள். காப்பெல் கெலின் மூழ்கியது இவ்வளவு ஆறாத புண்ணாக இருப்பதற்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2005-ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது.

1986-ல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பெய்த மழை வட வேல்ஸ் மலைகளில் கதிரியக்கச் சீசியத்தைக் கொண்டுவந்து இறக்கியது. சாதாரண மண்ணில் களிமண் துகள்கள் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இங்குள்ள மட்கிய அமில மண்ணில் அது நடக்காது. புல்லுக்குப் போய், ஆட்டுக்குப் போய், எருவாகத் திரும்ப மண்ணுக்கே வரும். சில வாரங்களில் நீங்கும் என்று சொல்லி விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஆட்டை விற்கும் முன் கதிர்வீச்சு அளந்து, அளவு மிகுந்தால் சாயம் பூசி அடையாளமிட்டு, கீழ்நிலத்துக்கு அனுப்பி மேய்க்க வேண்டும். ஏரிக்கரையில் தங்கள் கண்முன்னே ஓர் அணு உலையே இருக்க, இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இன்னொன்றால் ஆடுகள் கெட்டன என்று சொன்னபோது பலர் நம்பாமல் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

இவ்வளவுக்கும் இது முதல் படையெடுப்பு அல்ல. ஏரிக்கு வடக்கே டோமென் அ மீர் மேட்டில் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கோட்டையின் சுவடுகள் புல்லுக்கடியில் தெளிவாகத் தெரிகின்றன. சிறிய வட்ட அரங்கம் ஒன்றும் உண்டு. இவ்வளவு ஒதுக்கமான காவல்கோட்டைக்கு அது அபூர்வம். கோட்டையின் நடுவே பின்னாளில் நார்மன்கள் எழுப்பிய மண்மேடு. இந்த இடத்தைத்தான் மாபினோகி என்ற இடைக்கால வெல்ஷ் கதைத்தொகுதி ஹ்லை என்ற இளவரசனின் அரண்மனையாகச் சொல்கிறது. அவனுக்கு மனைவி வேண்டும் என்று மந்திரவாதிகள் ஓக் மரப்பூ உள்ளிட்ட காட்டுப் பூக்களைச் சேர்த்துப் பிளோடைவெத் என்ற பெண்ணைப் படைக்கிறார்கள். அவள் வேறொருவனைக் காதலித்துக் கணவனைக் கொல்லச் சூழ்ச்சி செய்து, கடைசியில் ஆந்தையாக மாற்றப்படுகிறாள். ரோமானியர் போன பின் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஊர்மக்கள் அந்தக் கல்மேட்டுக்குத் தங்கள் மொழியில் ஒரு கதை வைத்திருந்தார்கள்.

அணுமின் நிலையம் 1991-ல் நின்றது. 1993-ல் நிரந்தரமாக மூடும் முடிவு வந்தது. பிரித்தெடுக்கும் வேலை இன்றும் நடக்கிறது. அஸ்கூர்னிலோ ஹெத் வின்னின் சகோதரி மகன் ஜெரால்ட் வில்லியம்ஸ் பண்ணையையும் நடத்திக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கதவையும் திறந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்தே வைத்திருப்பேன் என்று பாட்டியிடம் கொடுத்த வாக்கு அது. நுழைவுச்சீட்டு இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. பார்க்க வந்தவர் கறுப்பு நாற்காலியின் முன் நிற்க, வீட்டுக்காரரே நின்று கதை சொல்வார். அறைகளில் பழைய மரச்சாமான், பழைய அடுப்பு, பழைய சுவர்த்தாள். பெரிதாக எதையும் மாற்றாமல் வாழ்ந்ததே பெரிய பாதுகாப்பாக அமைந்தது. 2012-ல் தேசியப் பூங்கா ஆணையம் வீட்டையும் நிலத்தையும் வாங்கியது. செப்பனிட்டு 2017-ல், ஹெத் வின் இறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது, மீண்டும் திறந்தார்கள். ஜெரால்ட் 2021-ல் காலமானார். சுற்றியுள்ள நிலத்தில் ஆடு மேய்வது நிற்கவில்லை. அருங்காட்சியகமாக மட்டும் ஆகியிருந்தால் அந்த வீட்டுக்குப் பாதி அர்த்தம் போயிருக்கும்.

ஏரிக்கரையில் சிறிய ரக அணு உலைகள் வைக்கலாமா என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. வேல்ஸ் அரசே அதற்கென 2021-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. ஊரில் ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது: வேலை இருந்தால்தான் இளைஞர்கள் இருப்பார்கள், இளைஞர்கள் இருந்தால்தான் பள்ளியில் வெல்ஷ் கேட்கும். எதிர்ப்பவர்கள் சுட்டுவது கழிவையும், இன்னும் முடியாத பிரித்தெடுப்பையும். இரு தரப்பும் நேர்மையாகவே பேசுகின்றன. 1957-ல் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: 1999 முதல் கார்டிஃபில் வேல்ஸுக்கென ஒரு பேரவை. ஆனால் அணுமின் நிலையத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் இன்றைக்கும் லண்டனிடம்தான்.